பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் இரவு வான்நோக்கு நிகழ்ச்சி: நாள் குறிப்பதிலிருந்து அடுத்த இரவு வரை

பள்ளியில் வான்நோக்கு நிகழ்ச்சி நடத்தலாம் என்று முடிவானதும் முதலில் எழும் கேள்வி, "தொலைநோக்கி எங்கே கிடைக்கும்?" என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பெரிய தொலைநோக்கி வந்தும், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற களைப்பு மட்டுமே மிஞ்சிய இரவுகள் உண்டு. ஒரு பைனாகுலர்கூட இல்லாமல், வீட்டுக்குக் கிளம்பச் சொன்னாலும் பிள்ளைகள் நகராத இரவுகளும் உண்டு. வந்த ஒவ்வொரு பிள்ளையும் எதையாவது தன் கண்ணால் உண்மையிலேயே பார்த்ததா, பார்த்ததைத் தன் வாயால் சொல்ல முடிந்ததா? நிகழ்ச்சியை இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். கீழே உள்ள ஏற்பாடுகள் எல்லாமே இந்த ஒரு நோக்கத்துக்காகத்தான்.

10 முதல் 15 வயது வரை, 45 மாணவர்கள், ஒரே ஒரு தொலைநோக்கி என்ற கணக்கில் எழுதுகிறேன். உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: நிலாவைப் பார்த்து நாள் குறியுங்கள்

பௌர்ணமியன்று நிலா அழகாக இருக்கும் என்று அன்றைக்கு நிகழ்ச்சி வைப்பவர்கள் நிறைய. தொலைநோக்கிக்கு அதைவிட மோசமான நாள் கிடையாது. பௌர்ணமியில் சூரிய ஒளி நிலாவின் மேல் நேராக விழுகிறது. நிழலே இருக்காது, பள்ளங்களும் மலைகளும் வெளுத்துப்போய்த் தட்டையாகத் தெரியும். போதாததற்கு அந்த வெளிச்சம் வானத்தின் மங்கலான விண்மீன்களையும் அழித்துவிடும்.

அமாவாசை கழிந்த 5ஆம் நாளிலிருந்து 9ஆம் நாள் வரை உள்ள மாலைகள்தான் பள்ளிக்கு ஏற்றவை. பாதி நிலா தெரியும் அந்த நாட்களில் வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டின் ஓரமாகச் சூரிய ஒளி சாய்வாக விழும். பள்ளங்களின் விளிம்பு பளிச்சென்றும் உள்ளே கரிய நிழலாகவும் இருக்கும். முதன்முதலாகத் தொலைநோக்கியில் பார்க்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல காட்சி இல்லை. வளர்பிறை அஷ்டமி நிலா சூரியன் மறையும் நேரத்தில் ஏறக்குறைய உச்சியில் இருக்கும், நள்ளிரவு வாக்கில்தான் மறையும். பள்ளி நிகழ்ச்சிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

பால்வெளி, ஆண்ட்ரோமெடா விண்மீன் திரள் போன்றவற்றைக் காட்ட நினைத்தால் அமாவாசையை ஒட்டிய இரவு வேண்டும், ஊரை விட்டு விலகிய இருட்டான இடமும் வேண்டும். அது இரண்டாவது அல்லது மூன்றாவது நிகழ்ச்சிக்கான வேலை. முதல் தடவையே பேருந்து பிடித்துக் காட்டுக்குப் போகாதீர்கள். நிலாவும் கோள்களும் நகரத்தின் நடுவில்கூட நன்றாகத் தெரியும்.

அடுத்து, கோள்கள். சென்ற ஆண்டு இதே மாதம் வியாழன் நன்றாகத் தெரிந்தது என்ற நினைப்பில் நாள் குறிக்கக் கூடாது. வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்து இரவு முழுக்கத் தெரியும் காலம் சுமார் 13 மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. சனிக்கு அது ஓராண்டும் இரண்டு வாரமும். செவ்வாய்க்கு ஏறக்குறைய 26 மாதம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் அந்த நேரத்து வானம் அப்படியே திரையில் வரும். நீங்கள் காட்ட நினைப்பது அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே இருந்தால் ஒளி தடிமனான காற்றைக் கடந்து வர வேண்டும். படம் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடும்.

எத்தனை மணிக்குத் தொடங்குவது? சூரியன் மறைந்ததும் வானம் உடனே இருட்டாது. சூரியன் அடிவானத்துக்கு 18 டிகிரி கீழே போனால்தான் முழு இருட்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். லண்டன், டொரன்டோ போன்ற இடங்களில் கோடையில் இன்னும் நேரமாகும். 49 டிகிரி அட்சரேகைக்கு மேலே கோடை நடுவில் முழு இருட்டே வராது. அங்கெல்லாம் இலையுதிர், குளிர்கால மாதங்கள்தான் பள்ளிக்குச் சரிப்படும். நிலாவுக்கு இருட்டு தேவையில்லை என்பதால், சூரியன் மறைந்த அரை மணி நேரத்திலேயே அதிலிருந்து ஆரம்பித்துவிடலாம்.

மாற்று நாள் ஒன்றையும் இப்போதே அறிவித்துவிடுங்கள், அதுவும் மறுநாளே. ஒரு வாரம் தள்ளினால் நிலாவின் கணக்கு மாறிவிடும்.

இரண்டாம் படி: இடம்

பள்ளி மைதானமே போதும். பகலில் ஒருமுறை போய்ப் பார்த்தது கணக்கில் சேராது. இரவில் போய் நில்லுங்கள். எந்த விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது, அதை யார் அணைக்க முடியும், அணைக்க முடியாததை எந்தக் கட்டடத்தின் நிழல் மறைக்கும் என்பது அப்போதுதான் தெரியும். தெருவிளக்கு ஒன்றை மறைத்துக் கருப்புத் துணி கட்டினால்கூட அந்த மூலை மாறிவிடும்.

மொட்டை மாடி வசதியாகத் தோன்றும். ஆனால் பகல் முழுக்க வெயிலில் காய்ந்த கான்கிரீட் இரவில் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும், படம் ஆடும். பிள்ளைகள் ஓடினால் தளமும் அதிரும். புல்தரையோ மண்தரையோ மேல். கைப்பிடிச் சுவரைப் பற்றிய கவலையும் இருக்காது.

மூன்றாம் படி: எந்தக் கருவி

வாங்குகிற யோசனை இருந்தால் 150 அல்லது 200 மில்லிமீட்டர் ஆடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கியைப் பரிந்துரைப்பேன். ஒரு நீண்ட குழாய், தரையில் உட்காரும் மரப்பெட்டி போன்ற தாங்கி, அவ்வளவுதான். கையால் தள்ளித் திருப்பலாம், மின்சாரம் வேண்டாம், எளிதில் கெடாது. இதை வடிவமைத்த ஜான் டாப்சன் அமெரிக்காவில் துறவியாக இருந்தவர். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களோடு சேர்ந்து நடைபாதை வானியலாளர்கள் என்ற குழுவைத் தொடங்கி, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். கூட்டத்துக்குக் காட்டவென்றே பிறந்த கருவி என்பதால், 45 பிள்ளைகளையும் தாங்கும்.

"500 மடங்கு பெரிதாக்கும்" என்று பெட்டியில் அச்சிட்ட, மெல்லிய கால்களில் ஆடும் சின்னத் தொலைநோக்கிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு தொலைநோக்கியால் பயனுள்ள வகையில் பெரிதாக்க முடிவது, அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கிய அளவுக்குத்தான். 60 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 120 மடங்கே எல்லை, அதுவும் காற்று அமைதியாக இருக்கும் இரவில்.

பள்ளி இரவில் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போக வேண்டாம். கணக்கைப் பாருங்கள். தொலைநோக்கியின் குவியத்தொலைவை (ஆடியோ லென்ஸோ ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கும் தூரம்), ஐபீஸ் எனப்படும் கண்ணருகு லென்ஸின் குவியத்தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 1200 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 48 மடங்கு. அப்போது ஏறக்குறைய ஒரு டிகிரி வானம் கண்ணுக்குத் தெரியும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்வதால், நடுவில் வைத்த வியாழன் இரண்டு நிமிடத்தில் விளிம்புக்குப் போய்விடும். 150 மடங்கில் இந்த அவகாசம் நாற்பது விநாடிதான். அதற்குள் ஒரு பிள்ளை கண்ணை வைத்துச் சரிசெய்துகொண்டாலே பெரிது. 48 மடங்கில் நிலா முழுதாகத் தெரியும், சனியின் வளையம் தெரியும், வியாழனின் நான்கு துணைக்கோள்களும் தெரியும். இதுவே போதும்.

பைனாகுலர் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன்மேல் 10×50 என்று எழுதியிருந்தால் பத்து மடங்கு பெருக்கம், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர் என்று பொருள். சிறுவர்களின் கைக்கு அது கனம். 7×35 அல்லது 8×40 சுலபம். மேசையில் முழங்கையை ஊன்றியோ, பாயில் மல்லாந்து படுத்தோ பார்த்தால் ஆட்டம் குறையும்.

அப்புறம், ஒரு குட்டி முக்காலி அல்லது உறுதியான படி. இந்த வகைத் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடம் குழாயின் மேல் முனையில் இருக்கும். எட்டாத பிள்ளை ஐபீஸைப் பிடித்துத் தொங்கும், இலக்கு நழுவிவிடும். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இருந்தால், செல்பேசியை ஐபீஸில் பொருத்தும் தாங்கி ஒன்றை ஏற்பாடு செய்து, காட்சியை அவர் கையிலுள்ள திரையில் காட்டுங்கள்.

நான்காம் படி: பகலில் ஒத்திகை

பலரும் விட்டுவிடுகிற படி இது. நிகழ்ச்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஒரு வகுப்பு நேரம் கேட்டு வாங்குங்கள்.

தொலைநோக்கியை மைதானத்தில் வைத்து, சூரியன் இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், தூரத்து மரத்தையோ கோபுரத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை எப்படி வைப்பது, எவ்வளவு அருகில் வைப்பது, குழாயைத் தொடாமல் எப்படி நிற்பது, குவியத் திருகை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் வெளிச்சத்தில் பழக வேண்டியவை. மரம் தலைகீழாகத் தெரிவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். இரவில் அந்தக் குழப்பம் இருக்காது.

அதே வகுப்பில் இருட்டறையில் ஒரு விளக்கையும் பந்தையும் வைத்துப் பிறைகளைச் செய்து பார்க்கலாம். விளக்கு சூரியன், பந்து நிலா, பிள்ளையின் தலை பூமி. பந்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு சுற்று சுற்றினால் அமாவாசை, அரை நிலா, பௌர்ணமி எல்லாம் வரிசையாக வரும். பிறை என்பது பூமியின் நிழல் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள், சில பெரியவர்களும்தான். பந்து அதைப் பேச்சில்லாமலே திருத்திவிடும்.

கையால் வானத்தை அளக்கவும் சொல்லிக்கொடுங்கள். கையை முழுக்க நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் ஒரு டிகிரி, நடு மூன்று விரல்கள் சேர்ந்து 5 டிகிரி, மடக்கிய கை 10 டிகிரி. பிள்ளையின் கை சிறியது, ஆனால் நீளமும் குறைவு. அதனால் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். நிலாவின் அகலம் அரை டிகிரிதான், சுண்டுவிரலால் மறைத்துவிடலாம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அன்றிரவே சோதித்துப் பார்க்கட்டும்.

ஐந்தாம் படி: அந்த மாலை

தொலைநோக்கியை முக்கால் மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். ஆடி வெளிக்காற்றின் குளிர்ச்சிக்கு வந்தால்தான் படம் நிற்கும்.

45 பேரை 15 பேராக மூன்று குழுக்களாகப் பிரியுங்கள். ஒன்று தொலைநோக்கியில், ஒன்று வெறுங்கண்ணில் விண்மீன்கள் பார்ப்பதில், ஒன்று பைனாகுலரும் வரைதலுமாக. 25 நிமிடத்துக்கு ஒருமுறை குழுக்கள் இடம் மாறும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 15 பேரும் பார்த்து முடித்து, நடுநடுவே குழாயைத் திருப்பி நேர்செய்ய 10 நிமிடம் மிஞ்சும். இரண்டு தொலைநோக்கி இருந்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். அந்தக் கூடுதல் நிமிடத்தை இன்னொரு பொருளைக் காட்டுவதில் செலவழிக்காதீர்கள், அதே பொருளை இன்னும் நன்றாகப் பார்க்கட்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் கால் மணி நேரம் வீதம் சேர்த்தால் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

தொடக்கத்தில் உரை வேண்டாம். தலைமையாசிரியர் வாழ்த்து, விருந்தினர் பேச்சு எல்லாவற்றையும் பகல் வகுப்புக்கு மாற்றிவிடுங்கள். வானம் நகர்ந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகளின் பொறுமையும்தான்.

வெளிச்சம் பற்றி மட்டும் சொல்லிவிடுங்கள். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு செல்பேசித் திரை அதை ஒரே நொடியில் கெடுத்துவிடும். மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தரும் விழித்திரைச் செல்கள் சிவப்பு ஒளிக்கு அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை. அதனால் டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று நான்கு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் போதும். செல்பேசிகள் பையில் இருக்கட்டும். ஆசிரியர்களுடையதும் சேர்த்துத்தான்.

ஆறாம் படி: வரிசையில் நிற்கும் பிள்ளை

ஓர் இரவு நன்றாகப் போனதா இல்லையா என்பது இங்கேதான் முடிவாகிறது.

பிள்ளை வந்து குனிகிறது. "தெரியுதா?" என்று கேட்கிறோம். "தெரியுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதற்கு உண்மையில் எதுவும் தெரிந்திருக்காது. பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள், ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார், முன்னால் போன நண்பன் "சூப்பர்" என்று சொல்லிவிட்டான். இந்த நிலையில் "தெரியவில்லை" என்று சொல்லப் பெரியவர்களுக்கே தைரியம் வராது.

எனவே "தெரியுதா?" என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். பார்க்காமல் பதில் சொல்லவே முடியாத கேள்வியாகக் கேளுங்கள். வியாழன் என்றால், "பெரிய வட்டத்துக்கு இந்தப் பக்கம் எத்தனை புள்ளி, அந்தப் பக்கம் எத்தனை?" நிலா என்றால், "பள்ளத்துக்குள்ளே நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கு?" சனி என்றால், "வளையம் கோளைத் தொடுதா, இடையில இடைவெளி இருக்கா?" பிள்ளை கொஞ்சம் யோசித்து, திரும்பக் குனிந்து, எண்ணிச் சொல்லும்போது அது நிஜமாகவே பார்க்கத் தொடங்கிவிட்டது. பதில் வராவிட்டால் குழாய் நழுவிவிட்டதா, குவியம் சரியில்லையா, கண் தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி போட்ட பிள்ளை, கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் இருந்தால், அதைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு குழுவும் வருவதற்கு முன்பே இந்தக் கேள்வியை வரிசைக்குச் சொல்லிவைத்துவிட்டால், காத்திருக்கும் நேரம் வீணாகாது. என்ன தேட வேண்டும் என்று தெரிந்த கண் வேகமாகக் கண்டுபிடிக்கும்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். விண்வெளித் தொலைநோக்கிகளின் வண்ணப் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஓரியன் மண்டலத்திலுள்ள வாயு மேகமான ஓரியன் நெபுலா சிவப்பும் ஊதாவுமாக இருக்கும் என்று எதிர்பார்த்து வருவார்கள். ஐபீஸில் தெரிவது சாம்பல் நிறப் பஞ்சு. நிறத்தை உணரும் செல்களுக்கு அந்த ஒளி போதாது, கேமரா பல நிமிடங்கள் திறந்திருந்து சேர்த்த ஒளியைக் கண்ணால் சேர்க்க முடியாது. இதைச் சொன்ன பிறகு, "இந்த ஒளி 1,300 ஆண்டுகளுக்கு மேலே பயணம் செஞ்சு இப்ப உன் கண்ணுக்குள்ளதான் விழுது" என்றும் சொல்லுங்கள். படத்தில் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். மங்கலானவற்றை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் கூடுதலாகத் தெரியும் என்ற உத்தியும் இங்கே பயன்படும்.

ஏழாம் படி: எதைக் காட்டுவது

தொலைநோக்கியில் இரண்டு, அதிகம் போனால் மூன்று. பத்துப் பொருள்களின் பட்டியலோடு வரும் ஆர்வலர்களிடம் அன்பாக மறுத்துவிடுங்கள்.

நிலா இருந்தால் அதுதான் முதல். அரை நிலாவன்று நிலாவின் அபெனைன் மலைத்தொடர், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் எழுந்து நிற்கும். ஒன்பதாம் நாளில் 93 கிலோமீட்டர் அகலமான கோப்பர்னிக்கஸ் பள்ளம் அருமையாகத் தெரியும். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 இறங்கிய அமைதிக் கடலைக் காட்டினால், "கொடி தெரியுமா?" என்று யாராவது கேட்பது உறுதி. இந்தத் தொலைநோக்கியில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குக் குறைவான எதுவும் நிலாவில் தெரியாது, இறங்கிய கலமோ சில மீட்டர்தான் என்று சொல்லுங்கள். 2009 முதல் நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் ஆய்வுக்கலம் அந்த இடங்களைப் படம் பிடித்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

வியாழனைப் பொறுத்தவரை, 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு துணைக்கோள்கள்தான். அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும் என்பதால், இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்குள்ளேயே அது நகர்வதைக் கவனமான பிள்ளை கண்டுபிடித்துவிடும். முதல் குழுவும் கடைசிக் குழுவும் வரைந்த படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சனி எப்போதும் ஓர் "ஐயோ!"வை வரவழைக்கும். 2025 மார்ச்சில் வளையங்கள் பூமிக்கு விளிம்பு காட்டித் திரும்பியிருந்தன. அதிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் மிக அகலமாகத் தெரியும். அடுத்தடுத்த ஆண்டுகளில் மாணவர்கள் வரைந்த சனியைப் பத்திரப்படுத்தினால், அந்தச் சாய்வு மாறுவது பள்ளியின் சொந்தப் பதிவாகவே இருக்கும்.

கோள் எதுவும் இல்லாத மாலையா? சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு விண்மீனான வசிஷ்டரைப் பாருங்கள். பக்கத்தில் அருந்ததி வெறுங்கண்ணுக்கே தெரியும். தொலைநோக்கியில் வசிஷ்டரே இரண்டாகப் பிரியும். ஒரு புள்ளி, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும் வரிசை இது. டிசம்பர் முதல் மார்ச் வரையான மாலைகளில் கார்த்திகையும் ஓரியனும் இருக்கின்றன. கார்த்திகையில் எத்தனை விண்மீன் என்று ஒவ்வொருவரும் தனியாக எண்ணி, யாரிடமும் சொல்லாமல் தாளில் எழுதட்டும். ஆறு என்று பலர் எழுதுவார்கள். ஐந்தும் எட்டும் வரும். பைனாகுலரில் பார்த்தால் டஜன் கணக்கில் பெருகும்.

எட்டாம் படி: வெறுங்கண் குழுவுக்கு உண்மையான வேலை

தொலைநோக்கியில் இல்லாத முப்பது பேரும் சும்மா நின்றால் கூச்சல்தான். அவர்களுக்கு முடிக்க வேண்டிய ஒரு வேலை வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது காகிதக் குழாய்க் கணக்கு. 12 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் விட்டம் உள்ள குழாயைக் கண்ணில் வைத்து, வானத்தின் பத்துத் திசைகளில் பார்த்து, ஒவ்வொன்றிலும் தெரியும் விண்மீன்களை எண்ண வேண்டும். சராசரியை 72ஆல் பெருக்கினால் தலைக்குமேல் தெரியும் மொத்த விண்மீன்களின் தோராயமான எண் கிடைக்கும். 72 எங்கிருந்து வந்தது? குழாயின் நீளத்தின் வர்க்கத்தை எட்டால் பெருக்கி, விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும். உயர் வகுப்பு மாணவர்கள் இதை நிரூபித்துப் பார்க்கலாம். கோடிக்கணக்கில் இருக்கும் என்று நினைத்த பிள்ளைகளுக்குச் சில நூறு என்று வரும்போது அதிர்ச்சியாக இருக்கும். முழு வானத்திலும் வெறுங்கண்ணுக்கு எட்டக்கூடியவை மொத்தமே சுமார் 9,000. அடிவானத்துக்கு மேலே ஒரே நேரத்தில் இருப்பது அதில் பாதி. மீதியை நம் விளக்குகள் அழித்துவிட்டன என்பதை அவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக் கண்டுகொள்வார்கள். இந்த எண்ணிக்கையில் ஆர்வம் வந்துவிட்டால், 2006 முதல் நடக்கும் குளோப் அட் நைட் என்ற உலகளாவிய ஒளி மாசுக் கணக்கெடுப்பிலும் பள்ளி சேர்ந்துகொள்ளலாம்.

துருவ நட்சத்திரம் தெரியும் இடமாக இருந்தால் அதன் உயரத்தை மடக்கிய கையால் அளக்கட்டும். அந்த டிகிரிதான் உங்கள் ஊரின் அட்சரேகை. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அது தெரியாது. அங்கே தென்சிலுவையை வைத்துத் தெற்கைக் கண்டுபிடிக்கலாம்.

இளையவர்களுக்கு வயது விண்மீன். எட்டரை வயதுப் பிள்ளைக்கு சிரியஸ்: 8.6 ஒளியாண்டு என்பதால், அந்தப் பிள்ளை பிறந்த காலத்தில் கிளம்பிய ஒளி இப்போது வந்துசேர்கிறது. பதினொன்றரை வயதுக்கு புரோசியான், பதினாறே முக்காலுக்குத் திருவோணம். உடன் வந்த அம்மா அப்பாவுக்கு 37 வயதென்றால் சுவாதி. அறுபத்தைந்து வயதுத் தாத்தாவுக்கு ரோகிணி.

பன்னாட்டு விண்வெளி நிலையம் அன்று கடக்கிறதா என்று இணையத்தில் முன்னரே பார்த்து வையுங்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மினுக்காமல் சீராக நகரும் அந்த ஒளிக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றதும் எல்லாக் குழுக்களும் தானாக நின்று பார்க்கும்.

பாதுகாப்பு

நிகழ்ச்சியன்று மாலை, சூரியன் முழுதாக மறையும் வரை தொலைநோக்கியின் மூடியைக் கழற்றக் கூடாது. தொலைநோக்கியிலோ பைனாகுலரிலோ சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் பார்வை நிரந்தரமாகப் போகும். பகல் ஒத்திகையின்போது ஒரு பெரியவர் கருவியை விட்டு நகரவே கூடாது.

பச்சை லேசர் சுட்டி விண்மீன்களைக் காட்ட வசதியானது. 5 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம், பெரியவர் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும், வானூர்தி எதுவும் கண்ணில் படும்போது அணைத்துவிட வேண்டும். சில நாடுகளில் இதற்குத் தடையும் உண்டு. குவிந்த ஒளி தரும் டார்ச்சாலும் வேலை நடக்கும்.

மற்றபடி பெற்றோர் ஒப்புதல், வருகைப் பதிவு, முதலுதவிப் பெட்டி, குடிநீர், கழிப்பறைக்குப் போகும் வழியில் மங்கலான சிவப்பு விளக்கு. குழு மாறும் ஒவ்வொரு தடவையும் தலை எண்ணுங்கள். இருட்டில் ஒருவர் விலகிப்போனால் கவனிக்க நேரமாகும். முக்காலி, மின்கம்பிகள் மேல் வெள்ளைத் துணி கட்டிவிட்டால் யாரும் தடுக்கி விழ மாட்டார்கள்.

மேகம் வந்தால்

அரைகுறை மேகம் என்றால் நிகழ்ச்சியை நிறுத்தாதீர்கள், இடைவெளிகளில் நிலா போதுமான அளவு தெரியும். முழுக்க மூடிவிட்டால் உடனே முடிவெடுத்து, நண்பகலுக்குள் மாற்று நாளை எல்லாருக்கும் தெரிவித்துவிடுங்கள். வந்துசேர்ந்த பிறகு மூடினால், உள்ளே ஸ்டெல்லேரியத்தைத் திரையில் ஓட்டி, மேகத்துக்கு மேலே இப்போது என்ன இருக்கிறது என்று காட்டலாம். தொலைநோக்கியைப் பிரித்துக் காட்டுவதும் நல்லது. ஆடியைப் பார்க்காத பிள்ளைகளுக்கு அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

அடுத்த இரவுகள்

ஒரே ஒரு பெரிய விழாவைவிட, ஆண்டுக்கு நான்கு சின்ன இரவுகள் எவ்வளவோ மேல். முதல் இரவில் ஆச்சரியப்பட்ட பிள்ளை இரண்டாம் இரவில்தான் கேள்வி கேட்கும். மூன்றாம் இரவில் இளைய வகுப்புக்குக் காட்டும் பொறுப்பை அதனிடமே கொடுத்துவிடலாம், தயாராக இருக்கும்.

இடையில் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பதிவுகளைக் கொடுங்கள். ஒரு மாதம் முழுக்க நிலாவின் வடிவத்தையும் பார்த்த நேரத்தையும் வரைவது ஒன்று. ஒரே இடத்தில் நின்று, ஒரே கடிகார நேரத்தில், ஒரு விண்மீன் எந்தக் கட்டடத்தின் மேலே இருக்கிறது என்று வாரம் ஒருமுறை குறிப்பது இன்னொன்று. விண்மீன்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதால் வாரத்துக்கு ஏழு டிகிரி மேற்கே நகர்ந்திருக்கும். மடக்கிய கையால் அளக்கக்கூடிய தூரம்தான். பைனாகுலர் உள்ள வீடுகளில், கையை எதன்மேலாவது ஊன்றிக்கொண்டு, நான்கைந்து இரவு தொடர்ந்து வியாழனின் புள்ளிகளை வரையச் சொல்லுங்கள். ஒரு புள்ளி ஏன் காணாமல்போகிறது என்று அவர்களே விவாதிக்கட்டும், பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.

ஆண்டின் நான்காவது இரவை எரிகல் பொழிவுக்கு வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் 13, 14 தேதிகளில் உச்சம் தொடும் ஜெமினிட்ஸ் பள்ளிக்கு ஏற்றது, ஏனென்றால் அந்த எரிகற்கள் கிளம்பி வருவதுபோல் தோன்றும் மிதுன ராசி முன்னிரவிலேயே கிழக்கில் ஏறிவிடும். நள்ளிரவு வரை விழித்திருக்கத் தேவையில்லை. அந்த நாட்களில் நிலா எப்படியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி வேண்டாம். பாய், போர்வை, எண்ணிக்கை எழுத ஒரு தாள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொல்ல ஒருவர் இருந்தால் சரி.